முடிச்சிலிருந்து வளர்ந்த வனம்: சிற்பம் பயிலும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிகளிலும் மாமல்லபுரத்து அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியிலும் சிற்பம் பயிலும் மாணவர்களுக்கு,



இயற்கையைப் பார்த்துச் சிற்பம் செய்வது என்றால், இலையையும் பூவையும் பறவையையும் எதிரே வைத்து அவற்றின் உருவத்தை மண்ணிலோ மரத்திலோ கல்லிலோ எடுப்பது என்றே பயிற்சிக் காலத்தில் பெரும்பாலும் பொருள் கொள்ளப்படுகிறது. அந்தப் பயிற்சி இன்றியமையாதது. கண் பார்த்ததைக் கை நம்பப் பழகுவது அங்கேதான். ஆயினும் அதோடு நின்றுவிடும் சிற்பிக்கு வளர்ந்து முடிந்த ஒன்றின் வெளிக்கோடு மட்டுமே வசப்படுகிறது. அது எவ்வாறு வளர்ந்தது, எந்த இடத்தில் தடித்தது, எதனால் சுருண்டது என்னும் கேள்விகள் வேலைக்கு வெளியிலேயே தங்கிவிடுகின்றன. அந்தக் கேள்விகளையே தம் வேலையின் நடுவில் வைத்து, உளியும் களிமண்ணும் இன்றி, சந்தையில் கிடைத்த கயிற்றை முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு ஆளுயரத்தையும் கடந்த சிற்பங்களை எழுப்பியவர் மிருணாளினி முகர்ஜி (1949–2015). தமிழில் நடைபெறும் கலை உரையாடல்களில் அவர் பெயர் உரிய அளவுக்கு ஒலிக்காததாலும், இயற்கையிடமிருந்து சிற்பி எதைப் பெற முடியும் என்பதற்கு அவருடைய பணி மிகத் தெளிவான விடையாக இருப்பதாலும் இம்மடல் எழுதப்படுகிறது.

மிருணாளினி 1949இல் பம்பாயில், ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜிக்கும் சிற்பி லீலா முகர்ஜிக்கும் ஒரே மகளாகப் பிறந்தார். பெற்றோர் இருவரும் சாந்திநிகேதனில் உருவானவர்கள். வங்காளத்தின் வீர்பூம் மாவட்டத்தில் ரவீந்திரநாத தாகூர் நிறுவிய அந்தக் கல்விக்கூடத்தின் கலைப்பிரிவான கலாபவனம் 1919இல் தொடங்கப்பட்டது; ஓவியர் நந்தலால் போஸின் பொறுப்பில் அது வளர்ந்த ஆண்டுகளில், மரத்தடியில் அமர்ந்து மரத்தை வரைவதும், பருவம் மாறும்போது அதே மரத்தை மீண்டும் வரைவதும் பாடத்தின் பகுதிகளாக இருந்தன. பினோத் பிஹாரிக்குப் பிறவியிலேயே பார்வை மிகக் குறைவு. அந்தப் பார்வையைக் கொண்டே அவர் 1946–47இல் சாந்திநிகேதனின் ஹிந்தி பவனச் சுவர்களில் இடைக்காலப் பக்தி அடியார்களின் வாழ்வை விரிவான சுவரோவியமாகத் தீட்டினார். அந்தப் பணியில் உதவியவர்களுள் லீலாவும், அப்போது மாணவராக இருந்த கே. ஜி. சுப்ரமணியனும் அடங்குவர். 1957இல் கண் அறுவைச் சிகிச்சையைத் தொடர்ந்து பார்வை முற்றிலும் போன பின்னரும் பினோத் பிஹாரி வேலையை நிறுத்தவில்லை. விரல்களின் தடவலைக் கொண்டே தாளை வெட்டி ஒட்டினார், மெழுகில் சிறு உருவங்கள் பிடித்தார், ஓட்டுத் துண்டுகளால் சுவர்ப்பரப்பு ஒன்றையும் அமைத்தார். சத்யஜித் ராய் 1972இல் எடுத்த ‘தி இன்னர் ஐ’ என்னும் ஆவணப்படம் இவரைப் பற்றியதே. தாய் லீலா, நேபாளக் கைவினைஞர் ஒருவரிடம் மரச்செதுக்கு கற்றவர். இமயமலை அடிவாரத்து டேராடூனில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியபடியே மரத்திலும் உலோகத்திலும் சிற்பம் செய்துவந்தவர். மகளின் இளமை டேராடூனின் காடுகளுக்கும் விடுமுறைக்காலச் சாந்திநிகேதனுக்கும் இடையே கழிந்தது.

பெற்றோர் கலைஞர்களாக இருந்ததால் மகளும் கலைஞரானார் என்று இதைச் சுருக்கிவிடுவது எளிது. ஆனால் அவ்வாறு சுருக்கினால், சாந்திநிகேதன் சிற்பத்துக்குத் தந்த தனிக்கொடை பார்வையிலிருந்து தப்பிவிடும். அங்கே பணியாற்றிய ராம்கிங்கர் பைஜ், 1938இல் முடித்த ‘சந்தால் குடும்பம்’ போன்ற பெருஞ்சிற்பங்களை, அந்த மண்ணின் செம்புறைக்கல் சல்லியைச் சிமெண்டோடு கலந்து அப்பி, மரங்களுக்கு நடுவே திறந்தவெளியில் நிறுத்தினார். மழையும் வெயிலும் படும் இடத்தில், நடந்துபோகிறவர்கள் சுற்றிவந்து பார்க்கும்படி, பீடத்தின் உயரத்தைக் குறைத்து, சுற்றுப்புறத்தின் பொருளையே உடலாகக் கொண்டு நிற்கும் சிற்பம் என்பது அன்றைய இந்தியக் கலைப்பள்ளிகளுக்குப் புதிது. சிற்பத்துக்கான பொருள் கடையிலிருந்து மட்டும் வர வேண்டியதில்லை, காலடியிலும் கிடக்கும் என்னும் எண்ணம், மிருணாளினி கயிற்றைக் கையில் எடுப்பதற்கு ஒரு தலைமுறை முன்பே அவர் வளர்ந்த சூழலில் வேரூன்றியிருந்தது.

1965இல் அவர் பரோடாவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவில் ஓவிய மாணவராகச் சேர்ந்தார். பட்டம் பெற்ற பின் 1970 முதல் 1972 வரை, கே. ஜி. சுப்ரமணியனிடம் சுவர்ப்பரப்பு வடிவமைப்பு பயின்றார். சுப்ரமணியன் வடகேரளத்தின் கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் படித்து, 1942இன் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்று, அதன் பின்னரே சாந்திநிகேதனுக்குப் போனவர். கைத்தறி வாரியத்திலும் பணியாற்றிய அனுபவத்தால், நெசவாளர், குயவர், பொம்மை செய்வோர் ஆகியோரின் அறிவை நவீனக் கலைக்குக் கீழ்ப்பட்டதாகக் கருதும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. பொருளின் இயல்பு, அதைக் கையாளும் உத்தி, அதில் பிறக்கும் உருவம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தீர்மானிக்கின்றன என்பது அவருடைய கற்பித்தலின் மையம். மாணவர்கள் நார், மணி, தோல், ஓலை ஆகியவற்றைக் கலைப்பொருளாகவே கையாள அவர் இடம் கொடுத்தார். ஓவியம் படிக்க வந்த ஒருவர் நாரில் சிற்பியாக மாறியதற்கான கதவு அங்கே திறந்தது.

அவர் கையாண்டது சணல் இனத்து நாரைத் திரித்த கயிறு. கட்டில் பின்னவும் மூட்டை கட்டவும் சாரம் கட்டவும் வட இந்தியச் சந்தைகளில் விற்கப்படும் சாதாரணச் சரக்கு அது; பட்டுக்கும் பருத்திக்கும் உள்ள மதிப்பு அதற்குக் கிடையாது. அதனைச் சாயத்தில் தோய்த்து, கருஞ்சிவப்பு, மஞ்சள், ஆழ்ந்த ஊதா, பாசிப் பச்சை ஆகிய நிறங்களைப் பெற்று, இரும்புச் சட்டகம் ஒன்றிலிருந்து தொங்கவிட்டு, ஊசியோ தறியோ இல்லாமல் விரல்களாலேயே முடிச்சிட்டார். மாக்ரமே என்று அழைக்கப்படும் இந்தக் கைவினையின் அடிப்படை முடிச்சு மிக எளிது. நான்கு இழைகளில் நடுவிலுள்ள இரண்டு அசையாமல் நிற்க, இடப்புறத்து இழை அவற்றின் மேலாகவும் வலப்புறத்து இழை அவற்றின் கீழாகவும் சென்று ஒன்றையொன்று கோத்து இறுகுகின்றன; பிறகு அதே செயல் எதிர்த்திசையில் ஒருமுறை நிகழ, முடிச்சு நழுவாமல் உட்கார்கிறது. பூக்கட்டும் கை ஒவ்வொரு இணுக்கையும் ஒரே அழுத்தத்தில் இறுக்கிச் செல்வது போல, இந்த முடிச்சும் கையின் அழுத்தம் மாறாதவரை ஒரே சீராக வரும். அழுத்தம் மாறினால் பரப்பின் இறுக்கமும் மாறும். இத்தகைய எண்ணற்ற முடிச்சுகள் சேர்ந்துதான் ஒரு சிற்பத்தின் தோலும் தசையும் ஆகின்றன. பெரிய சிற்பம் ஒன்று முடிவதற்கு மாதக்கணக்கில் காலம் பிடித்தது.

மிருணாளினி முன்வரைவு எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. சிறு மாதிரி செய்து பெரிதாக்கும் வழக்கமும் அவருக்கில்லை. இந்தச் செய்தியை உள்ளுணர்வின் பெருமையாக மட்டும் எடுத்துக்கொண்டால் அதன் உண்மையான பொருள் கிடைக்காது. வரைபடம் இல்லாமல் ஒரு பெரிய உருவம் சிதறாமல் வளர வேண்டுமானால், ஒவ்வொரு படியிலும் அடுத்த படியைத் தீர்மானிக்கும் விதி ஒன்று வேலைக்குள்ளேயே இருந்தாக வேண்டும். முடிச்சுவேலையில் அந்த விதி இழைகளின் எண்ணிக்கை. ஒரு வரிசையில் புதிய இழைகளைச் சேர்த்தால் பரப்பு அகலும். இழைகளைக் குறைத்தால் ஒடுங்கும். ஒரு பக்கம் மட்டும் சேர்த்தால் மறுபக்கம் நோக்கி வளையும். வட்டமாக விரியும் பரப்பு ஒன்றில், மையத்திலிருந்து விலகும் தொலைவுக்குச் சரியான விகிதத்தில் சுற்றளவு கூடினால் பரப்பு தட்டையாக இருக்கும். சுற்றளவு அந்த விகிதத்துக்குக் குறைந்தால் கிண்ணம்போல் குவியும். மிகுந்தால், மிகுந்த நீளத்துக்குத் தட்டையில் இடம் போதாமல், விளிம்பு அலையலையாக மடியும்.

தாவரங்களிலும் இதே விதிதான் செயல்படுகிறது என்பதை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். கோழிக்கொண்டைப்பூவின் நெளிவும் முட்டைக்கோசின் வெளியிலையின் சுருக்கமும் யாரோ வரைந்து வைத்த அலங்காரங்கள் அல்ல. விளிம்புப் பகுதியின் திசு நடுப்பகுதியைவிட வேகமாக வளர்வதன் விளைவுகள் அவை. தாமரை இலை ஓரளவு தட்டையாக விரிவதும், ஊமத்தம்பூ புனலாக நீள்வதும், வாழைக்குருத்து சுருளாக எழுவதும், எந்த இடத்தில் எவ்வளவு வளர்ச்சி என்னும் கணக்கின் வேறுவேறு விடைகளே. மிருணாளினியின் சிற்பங்களில் மடல்கள் விரிவதும் இதழ்கள் உதடுபோல் பிதுங்குவதும் தாவரத்தின் தோற்றத்தைப் பார்த்து எடுத்த நகல்களாக இல்லாமல், வளர்ச்சியின் அதே கணக்கு நாரில் மீண்டும் நிகழ்ந்ததன் விடைகளாக இருக்கின்றன. அதனாலேயே அவருடைய சிற்பம் ஒன்றைக் கண்டு இது இன்ன பூ, இன்ன கொடி என்று பெயர் சொல்ல இயலாமல் போனாலும், இது வளர்ந்த ஒன்று என்பதில் பார்ப்பவருக்கு ஐயம் எழுவதில்லை. இயற்கையால் ஈர்க்கப்பட்ட சிற்பி என்னும் தொடருக்கு இதைவிடத் துல்லியமான பொருளைக் காண்பது அரிது.

எடையின் பங்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நனைந்தும் காய்ந்தும் சாயமேறிய கயிறு கனமானது. பல கிலோ நார் ஒரே சட்டகத்திலிருந்து தொங்கும்போது ஒவ்வொரு மடிப்பும் புவியீர்ப்புக்கு இணங்கிச் சரிந்து, முதிர்ந்த மட்டையோ பழுத்த கொத்தோ தாழ்வது போன்ற சரிவைத் தானாகவே பெறுகிறது. கல்லில் இந்தத் தாழ்வைச் செதுக்கிக் காட்ட வேண்டும். நாரில் அது உண்மையாகவே நிகழ்கிறது.

வெண்கலப் படிமம் வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதியின் முறையோடு இதனை ஒப்பிடுவது மாணவர்களுக்குப் பயன் தரும். அங்கே வேலை அளவிலிருந்து தொடங்குகிறது. படிமத்தின் உயரத்துக்குத் தென்னங்கீற்றை நறுக்கி, தாளமானக் கணக்கின்படி மடித்து மடித்துக் குறித்துக்கொள்ளும் ஒடியோலை, முகம், மார்பு, இடை, முழங்கால் ஆகியவற்றின் இடங்களை முன்கூட்டியே நிலைநிறுத்துகிறது. தாளமானம் என்பது முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்டு உடலின் பிற அளவுகளைக் கணக்கிடும் முறை. மிருணாளினியிடம் முழுமையின் அளவு முதலில் இல்லை. அலகு மட்டுமே உண்டு, முழுமை அந்த அலகின் பெருக்கத்தால் பின்னர் வந்து சேர்கிறது. இவ்விரண்டில் ஒன்றை மற்றொன்றைவிட உயர்ந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. இரண்டிலுமே கைக்கு முன்னால் ஒரு விதி இருக்கிறது என்பதுதான் கவனத்துக்குரியது. விதி ஏதும் இல்லாத சுதந்திரத்தில் அவருடைய சிற்பங்கள் பிறந்ததாக எண்ணுவது அவரைத் தவறாகப் படிப்பதாகும்.

1972இல் புதுதில்லியின் ஸ்ரீதராணி கலைக்கூடத்தில் நடந்த முதல் தனிக் கண்காட்சிக்குப் பின், அவருடைய நார்வேலை மெல்ல மெல்லச் சுவரிலிருந்து விலகியது. தொடக்கக் காலப் படைப்புகள் சுவரைச் சார்ந்து தொங்கியவை; 1975இன் ‘வாட்டர்ஃபால்’ என்னும் அருவி அந்தக் கட்டத்தைச் சேர்ந்தது. 1978இல் பிரிட்டிஷ் கவுன்சில் உதவித்தொகையில் இங்கிலாந்தின் ஃபார்னம் நகரக் கலைக்கல்லூரியில் சிற்பம் பயின்று திரும்பிய பின்னரான பத்தாண்டுகளில் உருவங்கள் முப்பரிமாணம் பெற்று, கூரையிலிருந்து தொங்கியோ உள்ளே இரும்புச் சட்டம் தாங்கியோ, சுற்றிவந்து பார்க்கும் முழுவுருவச் சிற்பங்களாயின. 1984இன் ‘யக்ஷி’, 1994இன் ‘வனஸ்ரீ’, 1996இன் ‘ஆரண்யானி’ ஆகியவை அந்த வரிசையின் முதிர்ந்த படைப்புகள். யக்ஷி என்பவள் மரத்தோடும் நீரோடும் செழிப்போடும் தொடர்புடைய பழந்தெய்வம். பார்ஹுத், சாஞ்சி தூபிகளின் கல்வேலைகளில் கிளையை வளைத்துப் பிடித்து நிற்கும் பெண்ணுருவங்கள் அந்த மரபைச் சேர்ந்தவை. ஆரண்யானி ரிக்வேதத்தில் போற்றப்படும் வனதேவதை. இப்பெயர்களைச் சூட்டியிருப்பினும் அவை வழிபாட்டுப் படிமங்கள் அல்ல. எந்தத் தெய்வத்தின் இலக்கணத்தையும் அவை பின்பற்றவில்லை. கருவறைப் படிமத்தின் எதிரே நிற்கும்போது உண்டாகும் நேருக்கு நேர் என்ற உணர்வை மட்டும் எடுத்துக்கொண்டு, அதனை மரத்துக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள உயிர் ஒன்றுக்கு வழங்கியிருக்கிறார். சிற்பத்தின் உயரம் பார்ப்பவரின் உயரத்தை ஒத்தோ மிஞ்சியோ இருப்பதும், இரு பக்கமும் பெரும்பாலும் சமனாக அமைந்திருப்பதும் அந்த உணர்வுக்கு வலுச் சேர்க்கின்றன.

மலரை அவர் கையாண்ட விதம் இன்னும் துணிவானது. தாவரவியலில் மலர் என்பது இனப்பெருக்க உறுப்பு. அழகிய இதழ்கள் மகரந்தத்துக்கும் சூலகத்துக்கும் வாயில்களாகவே உருவாகின்றன. கலையில் மலர் நெடுங்காலம் மென்மைக்கும் தூய்மைக்கும் குறியாக நின்றதால் இந்த உண்மை மறைந்துபோயிற்று. 1993இன் ‘புஷ்ப்’, அதற்கு முன்னும் பின்னும் வந்த ‘ஆதி புஷ்ப்’ படைப்புகள், லண்டன் டேட் அருங்காட்சியகத் தொகுப்பிலுள்ள 2000ஆம் ஆண்டின் ‘ஜௌபா’ ஆகியவற்றில், மடிப்புக்குள் மடிப்பாகத் திறக்கும் பிளவுகளும், நடுவிலிருந்து எழும் தண்டுகளும், கனத்த விளிம்புகளும் தாவரத்தின் உறுப்புகளாகவும் மனித உடலின் உறுப்புகளாகவும் ஒரே நேரத்தில் வாசிக்கப்படுகின்றன. இதில் கூச்சமும் இல்லை, கிளர்ச்சி ஊட்டும் நோக்கமும் இல்லை. உயிர் பெருகுவதற்கான உறுப்புகள் செடியிலும் மனிதரிலும் ஒரே வகைப் பெருமிதத்துக்கு உரியவை என்னும் முடிவை அவர் உருவத்தாலேயே நிலைநாட்டினார். கோயில் தூண்களிலும் தேர்ச் சிற்பங்களிலும் உடலைத் தயக்கமின்றிச் செதுக்கிய மரபில் பயிலும் மாணவர்களுக்கு இந்த நேர்மை அந்நியமாக இருக்க வேண்டிய காரணமில்லை.

இத்தனை செய்தவருக்கு உரிய ஏற்பு வாழ்நாளில் முழுமையாகக் கிடைக்கவில்லை. கயிறும் முடிச்சும் கைவினையின் பக்கம் ஒதுக்கப்பட்டிருந்தன. மாக்ரமே அந்நாளில் பூந்தொட்டி தொங்கவிடும் வீட்டு வேலையாகவே பலருக்கும் அறிமுகமாகியிருந்தது. மனித உருவங்களையும் சமூகக் கதைகளையும் ஓவியத்தில் மீட்டெடுத்த பரோடாக் கலைஞர்கள் கவனம் பெற்ற 1980களில், கதை எதுவும் சொல்லாத நார்ச்சிற்பத்தை எந்த வரிசையில் வைப்பது என்று விமர்சகர்களுக்குத் தெளிவாகவில்லை. போலந்தில் மக்தலேனா அபகானோவிச் 1960களிலேயே நாரால் பேருருவங்கள் நெய்து உலகக் கவனம் பெற்றிருந்ததால், மேலைநாட்டு நார்க்கலையின் இந்தியக் கிளையாக மிருணாளினியைக் கருதும் போக்கும் இருந்தது. ஆனால் அபகானோவிச் தறிநெசவின் வழியே வந்தவர், மிருணாளினியின் முறையில் தறிக்கே இடமில்லை, இருவரின் உருவ உலகங்களும் வேறு. 1994இல் ஆக்ஸ்ஃபோர்டின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய தனிக் கண்காட்சியை நடத்தியது. ஆயினும் பெண்ணின் கை, மலிவான பொருள், கைவினையின் உத்தி ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடும்போது அந்தப் படைப்பைச் சிற்பம் என்று அழைக்கத் தயங்கும் மனப்போக்கு இன்றும் முற்றாக நீங்கவில்லை. அடுத்து வரும் சிற்பிகளான மாணவர்களே அதனை நீக்க முடியும்.

1996இல் நெதர்லாந்தின் ஐரோப்பியப் பீங்கான் பணி மையத்தில் தங்கிப் பணியாற்றும் வாய்ப்பு வந்தபோது அவர் மண்ணுக்கு மாறினார். களிமண்ணைத் தகடுகளாக்கி, மடித்து, சூளையில் சுட்டு, கண்ணாடிபோல் உருகிப் படியும் மெருகுப்பூச்சுக் கொடுத்து அவர் செய்த மலர்களும் உருவங்களும் நாரின் மடிப்புகளை வேறொரு பொருளில் தொடர்கின்றன. இவை தம்மளவில் நல்ல படைப்புகளே. எனினும் நாருக்கும் வெண்கலத்துக்கும் நடுவே ஒரு பாலமாகவே அவற்றைக் கருதத் தோன்றுகிறது.

வெண்கலத்தில் அவர் எட்டியது அதனினும் பெரிது. 2000க்குப் பின் அவர் மெழுகு வார்ப்பு முறையைத் தேர்ந்தார். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றும் இம்முறை, தேன்மெழுகும் குங்கிலியமும் காவிரி வண்டலும் கொண்டு சுவாமிமலையில் இன்றும் நடப்பதால் மாணவர்கள் நன்கு அறிந்ததே. மிருணாளினி மெழுகை நேரடியாகவே கையாண்டு, தகடாக்கியும் அழுத்தியும் கிழித்தும் உருவாக்கியதால், அவருடைய வெண்கலம் ஒவ்வொன்றும் இன்னொரு படி எடுக்க இயலாத தனிப்படைப்பு. வாழ்வின் இறுதி ஆண்டுகளில், 2013 முதல் 2015 வரை, உருவான ‘பாம்ஸ்கேப்’ வரிசை பனை இனத்து மரங்களை மூலமாகக் கொண்டது. தென்னை மரத்தின் அடியில் உதிர்ந்து கிடக்கும் காய்ந்த பாளையையும், மட்டை தண்டோடு சேருமிடத்தில் வலைபோல் சூழ்ந்திருக்கும் பன்னாடையையும் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த வெண்கலங்களின் மேற்பரப்பு உடனே பிடிபடும். நீளவாட்டில் ஓடும் நரம்புகள், உலர்ந்து சுருண்ட ஓரம், ஒருபுறம் வழவழப்பும் மறுபுறம் கரடுமுரடுமான தோல் ஆகிய யாவும் கனத்த உலோகத்தில் தரையோடு தாழ்ந்து படுத்திருக்கின்றன. நாரில் நிமிர்ந்து நின்ற உருவங்கள் இங்கே கிடைமட்டமாகச் சாய்ந்துவிட்டன. மலர்ச்சியை நாரில் சொன்னவர் உலர்வையும் உதிர்வையும் உலோகத்தில் சொன்னார். வளர்ச்சியின் கணக்கை அறிந்தவருக்கு உலர்வின் கணக்கும் தெரிந்திருந்தது.

2015 ஜனவரி இறுதியில் புதுதில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய வாழ்நாள் பணியைத் தொகுத்துக் காட்டும் பெருங்கண்காட்சி தொடங்கிய சில நாள்களில், பிப்ரவரித் தொடக்கத்தில், 65ஆம் வயதில் அவர் மறைந்தார். 2019இல் ஈராண்டுக்கு ஒருமுறை நடைபெறும் வெனிஸ் பியென்னாலேயின் 58ஆம் பதிப்பில் அவருடைய சிற்பங்கள் இடம்பெற்றன. அதே ஆண்டில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன் மெட் ப்ரூயர் கட்டடத்தில் ஏறத்தாழ 60 படைப்புகளைக் கொண்டு அவருக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தியது. இருந்தபோது தயங்கியவர்கள் மறைந்தபின் போற்றுவது கலையுலகில் புதிதன்று. அது வருத்தத்துக்குரியதாகவே இருக்கிறது.

இம்மடல் மாணவர்களிடம் வைக்கும் வேண்டுகோள், அவரைப் போலக் கயிற்றில் முடிச்சிட வேண்டும் என்பதன்று. கற்றாழை நார், வாழை நார், கோரை, பனையோலை, தென்னங்கயிறு என்று அருகில் கிடைப்பவை பல. ஆனால் பொருளை மாற்றியதனாலேயே ஒருவர் இயற்கையை நெருங்கிவிட முடியாது. கல்லிலும் உலோகத்திலும் பயில்பவர்களும் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. ஒரு பூசணிக்கொடியையோ வாழைக்குருத்தையோ முடிந்த உருவமாக ஒரே நாளில் வரைந்து முடிக்காமல், குருத்து விரியும் நாள்களில் தொடர்ந்து பார்த்து, எந்தப் பகுதி எப்போது நீண்டது, எது எதற்கு இடம்விட்டது, மடிப்பு எந்தப் பக்கமாக அவிழ்ந்தது என்று குறித்து வரவேண்டும். அந்தக் குறிப்பிலிருந்து ஒரு விதியைக் கண்டெடுத்து, செடியின் சாயல் சிறிதுமில்லாத வேறொரு பொருளில் அதே விதியை நடத்திப் பார்க்க வேண்டும். கிடைக்கும் உருவம் அவலட்சணமாக இருந்தாலும் பாதகமில்லை. அது கடன்வாங்கிய உருவமாக இராது.

பொருளின் ஆயுளைப் பற்றியும் மாணவர்கள் இப்போதே எண்ணுவது நல்லது. கல்லும் வெண்கலமும் நூற்றாண்டுகளைத் தாங்கும். தாவர நார் அவ்வாறு தாங்காது. ஒளி சாயத்தை வெளுக்கச் செய்கிறது, ஈரம் பூஞ்சணத்துக்கு இடம் கொடுக்கிறது, பூச்சி இழையை அரிக்கிறது, தன் எடையாலேயே தொங்கும் முடிச்சு ஆண்டுகள் செல்லச் செல்ல நெகிழ்கிறது. நாராலான படைப்புகளின் மேல் படும் ஒளியை அருங்காட்சியகங்கள் ஏறத்தாழ 50 லக்ஸ் அளவிலேயே வைத்துக்கொள்ள முயல்வது இதனால்தான். லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் விழும் ஒளியை அளக்கும் அலகு, வழக்கமான அலுவலக அறையில் அது பல நூறாக இருக்கும். ஆகவே மிருணாளினியின் நார்ச்சிற்பங்கள் மங்கிய வெளிச்சத்திலேயே பெரும்பாலும் காணக் கிடைக்கும்.

தில்லி செல்லும் வாய்ப்புள்ளவர்கள் தேசிய நவீனக் கலைக்கூடத்திலும் கிரண் நாடார் கலை அருங்காட்சியகத்திலும் அவருடைய படைப்புகள் அந்நாளில் காட்சியில் உள்ளனவா என்று முன்கூட்டியே விசாரித்துச் செல்வது நல்லது. ஒளிப்படத்தில் நிறமும் உருவமும் தெரியும், முடிச்சின் இறுக்கம் தெரியாது. நேரில் நிற்கும்போது முதலில் தொலைவிலிருந்து முழுவுருவத்தைப் பார்த்து, பின்பு காவலர் அனுமதிக்கும் எல்லைவரை நெருங்கி, விளிம்பு மடியும் ஓரிடத்தைத் தேர்ந்து, அங்கே இழைகள் எந்த வரிசையில் கூடியிருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.